டேலி ஆகிவிட்டது... ஆனால்?

என் நண்பனுக்கு அப்பா, அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் மட்டும் புழக்கத்தில் இருக்கிறது. எங்களுக்கு அவன் 'டேலி'.

பி.காம். முதல் வருஷம். வகுப்பே ட்ரயல் பேலன்ஸ் போடத் தெரியாமல் ஐம்பது பைசா எங்கே போச்சு என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "சார், டேலி ஆயிடுச்சு!" அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கல்யாணப் பத்திரிகையிலும் போட்டுவிடலாம் என்றுதான் நாங்கள் சொன்னோம். மாமனார் சம்மதிக்கவில்லை.

டேலிக்கு உலகமே இரண்டு பத்தி. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. நாலு பேர் சேர்ந்து டிபன் சாப்பிட்டால், எனக்கு வந்த இரண்டாவது கரண்டி சாம்பாருக்குக்கூட அவனிடம் கணக்கு இருக்கும். அப்பேர்ப்பட்டவனுக்கு 2024 மார்ச் மாதம் ஒரே ஒரு விஷயம் டேலி ஆகவில்லை. மூச்சு.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்டண்ட். வருஷக் கடைசி. ரயில்வே ஸ்டேஷன் படியில் பாதி ஏறியதும் நின்று, செல்போனில் ஏதோ முக்கியமான மெசேஜ் வந்த மாதிரி பார்ப்பான். மெசேஜும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மூச்சு வாங்குவதை மறைக்கிற டெக்னிக். சாயந்திரமானால் மெல்லிசாக ஜுரம். ராத்திரி படுத்தால் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று, ஈஸிசேரில் சாய்ந்தபடியே தூங்கினான். பேன்ட் லூஸாகிவிட்டது. ஆபீஸில் எல்லோரும் "ஜிம்முக்குப் போறீங்களா சார்?" என்று கை குலுக்கினார்கள்.

"மார்ச் முப்பத்தொண்ணு தாண்டட்டும் மாப்ளே, எல்லாம் சரியாயிடும்" என்றான். இந்த நாட்டில் எத்தனையோ வியாதிகளுக்கு மார்ச் 31 தான் மருந்து!

அவன் மனைவி விடவில்லை. நச்சரித்து ஒரு 'பேக்கேஜ்' போடவைத்தாள். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவார்களே, அது. மொத்தம் 68 பரிசோதனை. கூடவே, கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுத்தால் 'ஹார்ட் ஸ்பெஷல்'. காளான் பிரியாணிக்கு ரைத்தா மாதிரி.

மறுநாள் ரிப்போர்ட் செல்போனுக்கு வந்தது. பன்னிரண்டு பக்கம். எல்லாம் பச்சை. டேலி அதை எக்ஸெல்லில் ஏற்றி, எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். இந்தப் பக்கத்தில் நாலு தடவை உடம்பைப் பற்றி எழுதிவிட்ட பாவத்துக்கு, எங்கள் செட்டில் நான்தான் பாதி டாக்டர்.

டீக்கடை. இரண்டு டீ, ஒன்றில் சர்க்கரை கம்மி.

"டிராபோனின்?"

"நார்மல்."

"பி.என்.பி.?"

"நாற்பத்திரண்டு. நூறுக்குள்ள இருந்தா ஓ.கே.ன்னு போட்டிருக்கான்."

"கொலஸ்ட்ரால்?"

"உன்னைவிடக் கம்மி."

இரண்டே இரண்டு இடத்தில் சிவப்பு. ஒன்று ஈ.எஸ்.ஆர்., இன்னொன்று சி.ஆர்.பி. இரண்டும் எகிறியிருந்தன. நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஜுரம் இருந்தா அது ஏறத்தான் செய்யும். ஹார்ட்தான் பளிச்சுனு இருக்கே! இது வாயுடா. பூண்டு சாப்பிடு" என்றேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. பரவாயில்லை, எழுதியாக வேண்டும்.

* * *

பத்து நாள் கழித்து, காலை ஆறு மணிக்கு போன். டேலியின் மனைவி.

"அண்ணா, இவர் ராத்திரி பூரா உட்கார்ந்தே இருக்கார். கால் வீங்கியிருக்கு. வாங்க டாக்டர்கிட்ட போகலாம்னா, ரிப்போர்ட்டைக் காட்டியே என் வாயை அடைக்கிறார். ஒண்ணுமில்லைன்னு நீங்க சொன்னீங்களாமே?"

அதற்கு மேல் நான் பல்கூடத் தேய்க்கவில்லை.

அவர்கள் தெருமுனையில் ஒரு பழைய டாக்டர் இருக்கிறார். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். போர்டில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. டேலி உட்கார்ந்ததும் பன்னிரண்டு பக்க ஃபைலை நீட்டினான். அவர் அதை வாங்கி, பிரிக்காமலே மேஜை ஓரத்தில் வைத்தார்.

அப்புறம் ஒரு நிமிஷம் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. நாங்கள் யாருமே அதைக் கவனிக்கவில்லை. நாடியில் கை வைத்து, "மெதுவா மூச்சை இழுங்க... விடுங்க... இழுங்க" என்றார். ரத்த அழுத்தத்தை இரண்டு தடவை பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, பக்கத்து வீட்டு டி.வி.யைச் சுவர் வழியாகக் கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இதயத்தைச் சுத்தித் தண்ணி கட்டியிருக்குனு நினைக்கிறேன். இப்பவே எக்கோ எடுக்கணும். பைக்ல வேண்டாம், ஆட்டோல போங்க."

"சார், டிராபோனின் நார்மல்..." என்று ஆரம்பித்தேன்.

"இருக்கும். நான் இல்லைனு சொல்லலியே" என்றார். ஃபீஸ் 150 ரூபாய்.

அவர் செய்தது ஒன்றும் மாயமந்திரம் இல்லை. அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் நகரத்தில் கிளாட் பெக் என்று ஒரு சர்ஜன் இருந்தார். இதயத்தைச் சுற்றித் திரவம் சேர்ந்து அமுக்கினால் மூன்று விஷயம் தெரியும் என்று 1935-ல் எழுதினார். ரத்த அழுத்தம் இறங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், இதயச் சத்தம் மங்கும். மூன்றும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடாது. வந்தால் ஓட வேண்டியதுதான்.

அந்த 'மூச்சை இழுங்க' விஷயம் இன்னும் பழசு. 1873-ல் ஜெர்மனியில் குஸ்மால் என்ற டாக்டர் கண்டு எழுதியது. மூச்சை உள்ளே இழுக்கும்போது எல்லோருக்குமே ரத்த அழுத்தம் லேசாக இறங்கும். 10 புள்ளிக்கு மேல் இறங்கினால் விவகாரம். ஏன் என்றால், ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். இடம் அவ்வளவுதான். வலது பக்கம் ஒரு குண்டு ஆசாமி ஏறினால், இடது பக்கத்து ஆசாமிக்குப் பாதி உடம்பு வெளியே. மூச்சை இழுக்கும்போது இதயத்தின் வலது பக்கத்துக்கு ரத்தம் அதிகமாக வரும். சுற்றிலும் தண்ணீர் அமுக்கிக்கொண்டிருப்பதால் இதயம் விரிந்து இடம் கொடுக்க முடியாது. அதனால் இடது பக்கம் நசுங்கும். இடது பக்கம்தான் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது. நாடி தொய்ந்துவிடும்.

* * *

எக்கோ அறை. இருட்டு. திரையில் டேலியின் இதயம்.

நான் அதுவரை இதயம் என்றால் காதலர் தின வாழ்த்து அட்டையில்தான் பார்த்திருக்கிறேன். இது வேறு மாதிரி இருந்தது. ஒரு கறுப்புக் குளத்தின் நடுவே எதுவோ தத்தளித்துக்கொண்டிருந்தது. எக்கோ எடுத்த டாக்டர் ஒரு கோடு இழுத்து, "26 மில்லிமீட்டர்" என்றார். 10 மி.மீ.க்குள் இருந்தால் கொஞ்சம். 20-ஐத் தாண்டினால் பெரிசு. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ஊஞ்சல் மாதிரி ஆடியது. வலது பக்கச் சுவர் உள்ளே மடிந்து மடிந்து எழுந்தது.

ஒரு தகவல். இந்த எக்கோ மெஷினுக்கு மூதாதை, ஒரு கப்பல் கட்டும் தளத்திலிருந்து வந்தது! இரும்புத் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிப் பார்ப்பார்கள். ஸ்வீடனில் லுண்ட் நகரத்து டாக்டர் இங்கே எட்லரும், விஞ்ஞானி ஹெல்முத் ஹெர்ட்ஸும் 1953-ல் அந்த மாதிரி கருவியை நெஞ்சில் வைத்து, இதயச் சுவர் அசைவதைப் பதிவு செய்தார்கள். ரேடியோவில் 'கிலோ ஹெர்ட்ஸ்' என்கிறோமே, அந்த ஹெர்ட்ஸ் குடும்பம்தான். 1965-ல் அமெரிக்காவில் ஹார்வி ஃபைகன்பாம் என்ற டாக்டர், இதயத்தைச் சுற்றியுள்ள தண்ணீரை இதே ஒலி அலையால் பார்த்துவிடலாம் என்று காட்டினார். கப்பலில் ஓட்டை தேடின கருவி, கடைசியில் தண்ணீரைக் கண்டுபிடித்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரியே தண்ணீரை எடுத்தார்கள். நெஞ்செலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, எக்கோவைப் பார்த்துக்கொண்டே இன்னொரு நீள ஊசி. அப்புறம் மெல்லிய டியூப். சுக்குக் காபி நிறத்தில் வந்தது. மொத்தம் 750 மில்லி. அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்றரை! முதல் 100 மில்லி வெளியே வந்ததுமே டேலி ஒரு பெருமூச்சு விட்டானாம். மூன்று வாரமாக அவன் விட முடியாமல் வைத்திருந்த மூச்சு.

நம் எல்லோருக்குமே இதயத்தைச் சுற்றி இரட்டை அடுக்கில் ஒரு பை இருக்கிறது. நடுவில் 15-லிருந்து 50 மில்லி வரை திரவம். இதயம் உராயாமல் துடிப்பதற்கு எண்ணெய் விட்ட மாதிரி. டேலிக்கு அந்த இடத்தில் முக்கால் லிட்டர்.

"முக்கால் லிட்டரைச் சுமந்துக்கிட்டு எப்படி சார் ஆபீஸ் போனான்?" என்று கேட்டேன்.

இதய டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தவரையில்: பை, தையல்காரர் தைத்த பேன்ட் மாதிரி. கல்யாண விருந்து சாப்பிட்ட அன்றைக்கு இடுப்பில் பிடிக்கும். பத்து வருஷத்தில் வளர்ந்த தொப்பைக்கு, தையலைப் பிரித்துப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். மெதுவாகச் சேர்ந்தால் ஒரு லிட்டர்கூடத் தாங்கும். திடீரென்று சேர்ந்தால் 150, 200 மில்லியே ஆளைச் சாய்த்துவிடும்.

1898 செப்டம்பர் 10-ம் தேதி, ஜெனீவா ஏரிக்கரை. ஆஸ்திரிய ராணி எலிசபெத் கப்பலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். ஒருவன் ஓடிவந்து மோதினான். ராணி விழுந்து, எழுந்து, நடந்துபோய்க் கப்பலும் ஏறிவிட்டார். அதற்கப்புறம்தான் மயங்கி விழுந்தார். மோதியவன் கையில் இருந்தது கூராக்கிய அரம். அது இதயத்தில் துளை போட்டிருந்தது. சின்னத் துளை. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் கசிந்திருக்கிறது. வெளியே பார்த்தால் ஒரு பொட்டுதான் ரத்தம். தனக்கு என்ன ஆனது என்று அவருக்கே தெரியவில்லை.

இதயத்தைச் சுற்றி நடக்கிற விஷயம் வெளியே தெரிவதில்லை. அதுதான் கஷ்டம்.

* * *

சரி, அந்த 68 பச்சைக்கு வருவோம். அத்தனையும் பொய்யா?

இல்லை. ஒன்றுகூடப் பொய் இல்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

டிராபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கிற புரதம். தசைச் செல் அடிபட்டால் அது ரத்தத்தில் கசியும். வீட்டுச் சாமான் தெருவில் கிடந்தால் சுவர் இடிந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த மாதிரி. மாரடைப்பைக் கண்டுபிடிக்க அதை விடச் சிறந்த ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனால் டேலிக்குச் சுவர் இடியவில்லை. வீட்டைச் சுற்றி வெள்ளம்! 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுவரெல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. நாம்தான் மொட்டை மாடியில் இருந்தோம். பையில் வந்த அழற்சி பக்கத்துத் தசையையும் தொட்டிருந்தால் டிராபோனின் ஏறியிருக்கும். டேலிக்குத் தொடவில்லை.

அடுத்தது பி.என்.பி. இது கதையிலேயே ருசியான ஆசாமி. 1981-ல் கனடாவில் டி போல்ட் என்பவரின் குழு, எலி இதயத்தின் மேலறைத் திசுவிலிருந்து சாறு எடுத்து வேறு எலிகளுக்கு ஊசி போட்டது. அந்த எலிகள் சிறுநீராகக் கழித்துத் தள்ளின. இதயம் வெறும் பம்பு இல்லை, ஹார்மோனும் சுரக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 1988-ல் ஜப்பானியர்கள் அதே ஜாதியில் இன்னொன்றைப் பன்றியின் மூளையில் கண்டுபிடித்தார்கள். மூளைக்கான ஆங்கில வார்த்தையின் முதல் எழுத்தையே முன்னால் போட்டு பி.என்.பி. என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் பார்த்தால், மனுஷனுக்கு அது முக்கியமாக இதயத்தின் கீழறையிலிருந்துதான் வருகிறது. பெயரை மாற்றவில்லை. தியேட்டரை இடித்த பிறகும் பஸ் ஸ்டாப்புக்கு அதே பெயர் இருக்கிறதே, அப்படி.

பி.என்.பி. என்பது இதயம் எழுதுகிற புகார்க் கடிதம். ரத்தம் தேங்கி, இதயச் சுவர் இழுபட்டு விரிந்தால், "தாங்க முடியலை, உப்பையும் தண்ணியையும் வெளியே தள்ளு" என்று கிட்னிக்கு எழுதும். இதயம் பலவீனமானவர்களுக்குக் கடிதம் கத்தை கத்தையாக வரும். அதனால்தான் அது நல்ல பரிசோதனை.

இப்போது யோசியுங்கள். கடிதம் எழுத வேண்டுமென்றால் சுவர் விரிய வேண்டும். வெளியிலிருந்து தண்ணீர் அமுக்கினால் சுவர் எப்படி விரியும்? விரியாது. கடிதமும் வராது. கழுத்தைப் பிடித்து நெரிக்கிறவன் முன்னால் ஒருவன் கத்தாமல் இருந்தால், அவன் சௌக்கியமாக இருக்கிறான் என்றா அர்த்தம்?

டேலியின் 42 அப்படிப்பட்ட மௌனம். அதை நான் நிம்மதி என்று படித்துவிட்டேன்.

* * *

கிளைமாக்ஸ் மறுநாள்தான் வந்தது.

தண்ணீர் எடுத்த மறுநாள் காலையில் திரும்ப ரத்தப் பரிசோதனை. பி.என்.பி. 190! டேலியின் மனைவி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் அழுகிறாள். "நல்லா இருந்தப்போ 42. வைத்தியம் பண்ணினதும் 190. என்னண்ணா இது?"

உள்ளே டேலி, நெஞ்சில் டியூபோடு, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். மூன்று வாரத்தில் முதல் தடவையாகப் படுத்துத் தூங்கியிருக்கிறான். கால் வீக்கம் வடிந்துகொண்டிருக்கிறது. ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போயிருக்கிறான்.

இதய டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நெரிச்ச கையை எடுத்தாச்சும்மா. இப்பத்தான் குரல் வருது. ரெண்டு நாள்ல அடங்கிடும்."

அமுக்கம் போனதும் ரத்தம் இதய அறைக்குள் பாய்கிறது. சுவர் நன்றாக விரிகிறது. உடனே கடிதம் போகிறது. கிட்னி உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளுகிறது. மேலறை ஹார்மோன் இப்படித் தண்ணீர் எடுத்த பிறகு ஏறுவதை 1980-களிலேயே டாக்டர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஆள் மோசமாக இருந்தபோது எண் நன்றாக இருந்தது. ஆள் தேறியபோது எண் மோசமானது. எல்லோருக்கும் இதே மாதிரி நடக்கும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே இதயம் பலவீனமாக இருந்தால், தண்ணீர் கட்டியிருக்கும்போதே பி.என்.பி. ஏறியிருக்கலாம். ஆனால் எண் குறைவாக இருப்பதை வைத்து 'ஒண்ணுமில்லை' என்று சர்ட்டிபிகேட் தரக்கூடாது.

நீங்கள் பி.காம். என்றால் இது ஏற்கெனவே உங்களுக்குப் பாடமாக வந்ததுதான். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமா? இல்லை. டேலி ஆனாலும் வெளியே தெரியாத தப்புகள் என்று ஒரு பட்டியலே உண்டு. அதில் முதல் தப்பு, விடுபட்டது. ஒரு வரவு செலவைப் புத்தகத்திலேயே எழுதவில்லை என்றால், இரண்டு பக்கமும் அழகாக டேலி ஆகும். எழுதாதது எப்படிக் கணக்கில் வரும்? டேலியின் முக்கால் லிட்டர் தண்ணீருக்கு அந்த 68 வரிகளில் ஒரு வரிகூடக் கிடையாது. ஐந்து மார்க் கேள்வி. நான் பரீட்சையில் எழுதி பாஸ் பண்ணினேன். டீக்கடையில் ஃபெயில்.

* * *

அந்த இரண்டு சிவப்பு? அதுதான் உண்மை பேசியது.

ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடம்பில் எங்கேயோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். இடம் சொல்லாது. 'தெருவுல ஏதோ சத்தம்' என்கிற மாதிரி. மூன்று வாரம் ஜுரம், எடை குறைவு, மூச்சு வாங்கல் என்பதோடு சேர்த்துப் படித்திருந்தால் எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றியிருக்கும். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

எடுத்த தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஏ.டி.ஏ. என்று ஒரு என்ஸைம். இதயப் பைத் தண்ணீரில் அது 40-க்கு மேல் இருந்தால் காசநோய் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். டேலிக்கு 68. (நீ எடுத்ததும் 68, வந்ததும் 68, டேலி ஆயிடுச்சுடா என்றேன். அவன் மனைவி முறைத்தாள்.)

இதயத்தைச் சுற்றித் தண்ணீர் கட்டப் பல காரணம் உண்டு. வைரஸ், கிட்னி கோளாறு, தைராய்டு குறைவு, புற்றுநோய், இதய ஆபரேஷனுக்குப் பின்னால் வருவது என்று. நம் ஊரில் காசநோயை மறக்கவே முடியாது. அது நுரையீரலோடு நிற்கிற ஆசாமி இல்லை. கவனிக்காமல் விட்டால் பை தடித்துப்போய், தேங்காய்ச் சிரட்டை மாதிரி இதயத்தை இறுக்கிவிடும்.

டேலியின் மனைவிக்கு அடுத்த கவலை. "அக்கம்பக்கத்துல தெரிஞ்சா? குழந்தைக்கு ஒட்டிக்குமா? எங்கேயாவது தனியா கொண்டுபோய் வைக்கணுமா?" நுரையீரலில் இல்லை என்று பார்த்துச் சொன்னார்கள். நுரையீரலில் இல்லாவிட்டால் பொதுவாக ஒட்டாது. தனியாக வைப்பது பற்றியும் ஒரு விஷயம் உண்டு. அதற்கு விடை சொன்ன ஊரே நம் சென்னைதான். 1956-ல் இங்கே ஆரம்பித்த காசநோய் ஆராய்ச்சி மையத்தில், ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பகுதியினரை வீட்டிலேயே இருக்கவிட்டும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே மாதிரி குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கு அதனால் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் அது வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆறு மாசம் மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஒரு நாள்கூட விடக்கூடாது. விடுவானா? எக்ஸெல்லில் போட்டு, சாப்பிட்டதும் டிக் அடித்தான்.

* * *

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லோரும் எக்கோ எடுக்க க்யூவில் நிற்க வேண்டாம். 'ரத்தப் பரிசோதனையெல்லாம் வேஸ்ட்னு பத்திரிகையிலயே போட்டிருக்கான்' என்று சொல்லவும் வேண்டாம். ஒவ்வொரு பரிசோதனையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இதயத் தசை அடிபட்டதா என்றால் டிராபோனினைக் கேளுங்கள். அதையும் நெஞ்சு வலித்த உடனே ஒரு தடவை மட்டும் பார்த்தால் ஏமாற்றலாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் விட்டு மறுபடியும் எடுக்கிறார்கள். இதயச் சுவர் இழுபடுகிறதா என்றால் பி.என்.பி. இதயத்தைச் சுற்றித் தண்ணீரா என்றால் எக்கோ. சமையற்காரரிடம் போய் மொய்க் கணக்கு கேட்டால் அவர் என்ன செய்வார்?

எந்தக் கேள்வியைக் கேட்பது என்று முதலில் ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அவர் ஆளைப் பார்க்க வேண்டும். கழுத்தைப் பார்க்க வேண்டும், நாடியைத் தொட வேண்டும், "ராத்திரி படுத்தா தூக்கம் வருதா?" என்று கேட்க வேண்டும். செல்போனுக்கு வருகிற பன்னிரண்டு பக்கம் அதைக் கேட்காது. டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற சிநேகிதனும் கேட்கவில்லை.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் தேவலை, படி ஏற முடியவில்லை, கால் வீங்குகிறது, ஜுரம் விடவில்லை. இதில் ஏதாவது இருந்தால் ரிப்போர்ட் என்ன கலரில் இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். மார்ச் 31 வருஷா வருஷம் வரும்.

2024 அக்டோபரில் டேலியின் மாத்திரைக் கணக்கு முடிந்தது. கடைசி எக்கோவில் தண்ணீர் இல்லை. பை தடிக்கவும் இல்லை. அன்றைக்கு ஸ்டேஷன் படியை நிற்காமல் ஏறினான். பாதியில் நின்று செல்போனைப் பார்த்தது நான்தான்.

மேலே போனதும் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். வியாதிக்கான மொத்தச் செலவு. பேக்கேஜ், ஆட்டோ, எக்கோ, ஆஸ்பத்திரி, எல்லாம் வரிசையாக. கடைசி வரி:

'பூண்டு, அரைக் கிலோ - ரூ. 200. நண்பன் கணக்கில் பற்று.'

கொடுத்துவிடலாம் என்று பர்ஸை எடுத்தேன். "வேண்டாம்டா மாப்ளே, புக்ஸ்ல அப்படியே இருக்கட்டும்" என்றான்.

இருக்கிறது.